குறும்படம் எடுத்தது நீங்கள், ரைட்ஸ் யாரிடம்?

விஸ்காம், சினிமா, அனிமேஷன் என்று எதில் சேர்ந்தாலும் அட்மிஷன் நாளில் ஒரு கட்டுக் காகிதத்தை நீட்டுவார்கள். ராகிங் எதிர்ப்பு உறுதிமொழி, ஹாஸ்டல் விதிகள், வருகைப் பதிவு என்று வரிசையாக வரும். அதற்கு நடுவில் பல இடங்களில் இப்படி ஒரு பத்தியும் இருக்கும்: "படிப்புக் காலத்தில் மாணவர் உருவாக்கும் அனைத்துப் படைப்புகளின் முழு உரிமையும் நிறுவனத்தையே சாரும்." பின்னால் வரிசை நீள்கிறது, ஃபீஸ் கட்டும் கவுன்ட்டர் மூடப் போகிறது, அப்பா ஒரு மூலையில் கையெழுத்துப் போட பிள்ளை இன்னொரு மூலையில் போட்டுவிட்டு நகர்ந்துவிடுகிறார்கள். மூன்றாம் வருடம் சொந்தக் காசைப் போட்டுப் படம் எடுத்து, அதை ஒரு யூடியூப் சேனல் கேட்கும்போதுதான் அந்தப் பத்தி திரும்ப ஞாபகத்துக்கு வரும்.

இது சின்ன விஷயம் இல்லை. பாலாஜி மோகன் எடுத்த 'காதலில் சொதப்புவது எப்படி' குறும்படமாகத்தான் முதலில் வந்தது, அப்புறம் 2012-இல் அதே இயக்குநர் கையால் முழுநீளப் படமானது. 2013-இல் வந்த அல்போன்ஸ் புத்திரனின் 'நேரம்' படத்துக்கும் முன்னோடி ஒரு குறும்படம்தான். பத்து நிமிடப் படத்தின் மதிப்பு அந்தப் பத்து நிமிடத்தோடு முடிவதில்லை என்பதற்கு இவை போதும். ஆகவே உங்கள் முன்னால் இருக்கும் வழிகளை ஒவ்வொன்றாக வைத்துப் பார்ப்போம். என் கட்சியை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: படத்தின் உரிமை மாணவரிடம் இருக்க வேண்டும், கல்லூரிக்குத் தேவையானதை லைசென்ஸாகக் கொடுத்தால் போதும். அது நடக்காத இடத்தில், படம் போனாலும் திரைக்கதையை விடக்கூடாது.

ஏன் திரைக்கதையைப் பிடித்துத் தொங்குகிறேன் என்பது புரிய, சட்டம் என்ன சொல்கிறது என்று கொஞ்சம் பார்க்க வேண்டும். 1957-ஆம் ஆண்டின் இந்தியக் காப்புரிமை (காப்பிரைட்) சட்டப்படி ஒரு சினிமாப் படத்தின் ஆசிரியர் அதன் தயாரிப்பாளர். இயக்குநர் இல்லை. தயாரிப்பாளர் என்றால் யார்? படத்தை உருவாக்க முன்கை எடுத்துப் பொறுப்பேற்றவர் என்கிறது சட்டம். பிரிட்டனில் 1994 ஜூலை முதல் எடுக்கப்படும் படங்களுக்குத் தயாரிப்பாளரும் முதன்மை இயக்குநரும் சேர்ந்தே ஆசிரியர்கள். இங்கேயும் 2010-இல் கொண்டுவந்த திருத்த மசோதாவில் இயக்குநரைக் கூட்டு ஆசிரியராக்கும் யோசனை இருந்தது, ஆனால் 2012-இல் நிறைவேறிய சட்டத்தில் அது இல்லாமல் போய்விட்டது. எனவே டைட்டிலில் 'எழுத்து - இயக்கம்' என்று எவ்வளவு பெரிய எழுத்தில் போட்டாலும், இயக்கம் என்ற வார்த்தையால் படத்தின் உரிமை உங்களுக்கு வராது. கேமரா கல்லூரியுடையது, எடிட் சூட் கல்லூரியுடையது, பட்ஜெட்டும் கல்லூரி கொடுத்தது என்றால், நாங்கள்தான் தயாரிப்பாளர் என்று சொல்ல அவர்களுக்கு வலுவான வாதம் இருக்கிறது. கேமரா மட்டும் அவர்களுடையது, சாப்பாட்டுச் செலவிலிருந்து லொகேஷன் வாடகை வரை உங்கள் காசு என்றால் வாதம் உங்கள் பக்கம் சாயும். ஆனால் காகிதத்தில் எழுதாதவரை இரண்டுமே வெறும் வாதம்தான்.

எழுத்து என்ற வார்த்தைக்கோ தனி பலம் உண்டு. படத்தின் காப்புரிமை வேறு, அந்தப் படத்துக்கு அடிப்படையான திரைக்கதையின் காப்புரிமை வேறு. படம் இன்னொருவருக்குச் சொந்தம் என்பதாலேயே திரைக்கதை அவருக்குப் போய்விடாது. 2012 திருத்தம் இதை இன்னும் கெட்டியாக்கியது. சத்யஜித் ராயின் 'நாயக்' (1966) பற்றி டெல்லி உயர்நீதிமன்றத்தில் ஒரு வழக்கு நடந்தது. அந்தத் திரைக்கதையை ஒரு பதிப்பகம் நாவலாக வெளியிட, படத்தைத் தயாரித்த குடும்பத்தினர் அது எங்கள் உரிமை என்று போனார்கள். திரைக்கதை ராய் எழுதியது, அதை நாவலாக்க அனுமதி கொடுக்கும் உரிமை அவர் வாரிசுகள் பக்கம்தான் என்று 2023-இல் தீர்ப்பு வந்தது. நம் ஊரிலேயே 'ஆரண்ய காண்டம்' வழக்கு இருக்கிறது. இயக்குநர் தியாகராஜன் குமாரராஜாவுக்கும் தயாரிப்பு நிறுவனத்துக்கும் நடந்த அந்த வழக்கில் 2017-இல் சென்னை உயர்நீதிமன்றம், தயாரிப்பாளர் படத்தை வேறு மொழியில் டப் செய்துகொள்ளலாம், ஆனால் திரைக்கதை எழுதியவர் எழுதிக் கொடுக்காமல் ரீமேக் செய்ய முடியாது என்றது. குறும்படம் எடுக்கும் ஒவ்வொரு மாணவரும் இந்த இரண்டு தீர்ப்புகளையும் மனதில் வைத்துக்கொள்வது நல்லது, ஏனென்றால் நாளைக்கு அந்தக் கதையைப் பெரிய படமாகவோ வெப் சீரிஸாகவோ எடுக்க உங்களுக்குத் தேவைப்படுவது திரைக்கதையின் உரிமைதான்.

சரி, வழிகளுக்கு வருவோம்.

முதல் வழி, படம் முழுக்கக் கல்லூரிக்கே சொந்தம். இதைக் கேட்டவுடன் கொதிக்க வேண்டாம், இதிலும் நியாயம் உண்டு. புனேயில் 1960-இல் தொடங்கிய திரைப்படக் கல்லூரியான எஃப்.டி.ஐ.ஐ.யில் டிப்ளமா படங்களுக்குத் தயாரிப்பாளர் நிறுவனம்தான். செலவை அது ஏற்கிறது, கருவிகளைக் கொடுக்கிறது, படத்தைப் பாதுகாக்கிறது, விழாக்களுக்கு அனுப்புகிறது. கான் விழாவில் மாணவர் படங்களுக்கென்று இருக்கும் லா சினெஃப் பிரிவில் அந்த நிறுவனத்தின் படங்கள் 2020-லும் 2024-லும் முதல் பரிசு வாங்கியிருக்கின்றன. மாணவர் தனியாக நின்று வாங்க முடியாத மேடை அது, அங்கே கல்லூரியின் பெயருக்கு எடை இருக்கிறது. பணமும் பொறுப்பும் உண்மையிலேயே நிறுவனத்துடையது என்றால் உரிமையும் அதனிடம் இருப்பதில் எனக்கு மறுப்பில்லை.

மறுப்பு எங்கே என்றால், செமஸ்டருக்கு இவ்வளவு என்று ஃபீஸ் வாங்கிக்கொண்டு, படத்துக்கு ஒரு ரூபாய் கூடக் கொடுக்காமல், வெள்ளிக்கிழமை மாலை கேமராவைக் கொடுத்துத் திங்கள் காலை திருப்பி வாங்கிக்கொள்ளும் இடங்களும் எஃப்.டி.ஐ.ஐ. மாதிரியே முழு உரிமை கேட்பதில்தான். விழாவுக்கு அனுப்ப ஆள் கிடையாது, பாதுகாக்க ஏற்பாடு கிடையாது, துறையின் பீரோவில் ஒரு ஹார்டு டிஸ்க் கிடக்கும். அந்த ஹார்டு டிஸ்க் கெட்டுப்போனால் படமும் போச்சு, ஆனால் உரிமை மட்டும் அவர்களிடம் இருக்கும். இது நியாயமே இல்லை. மாணவர் தொழிலாளி அல்ல, சம்பளம் வாங்கி வேலை செய்யவில்லை, காசு கொடுத்துப் படிக்க வந்தவர். வேலைக்காரர் வேலை நேரத்தில் செய்தது முதலாளிக்குச் சொந்தம் என்ற விதியை இங்கே கொண்டுவர இடமில்லை.

இரண்டாவது வழிதான் நான் சொல்வது: உரிமை மாணவரிடம், லைசென்ஸ் கல்லூரிக்கு. வீட்டை வாடகைக்கு விடுவதற்கும் கிரயம் செய்து கொடுப்பதற்கும் உள்ள வித்தியாசம்தான் லைசென்ஸுக்கும் உரிமையை எழுதிக் கொடுப்பதற்கும். அமெரிக்காவில் மாணவர் கையெழுத்திட்டு எழுதிக் கொடுக்காமல் பல்கலைக்கழகத்துக்கு உரிமை போகாது. அங்கே நியூயார்க் பல்கலைக்கழகத்தின் டிஷ் கலைப் பள்ளி, லாஸ் ஏஞ்சலஸில் இருக்கும் கலிஃபோர்னியா பல்கலைக்கழகமான யு.சி.எல்.ஏ. போன்றவற்றில் படம் மாணவருக்கே சொந்தம். அதே லாஸ் ஏஞ்சலஸில் இருக்கும் யு.எஸ்.சி. (தெற்குக் கலிஃபோர்னியா பல்கலைக்கழகம்) தன் வகுப்புகளில் எடுக்கும் படங்களின் உரிமையை நெடுங்காலமாகத் தன்னிடமே வைத்துக்கொள்கிறது. பக்கத்துப் பக்கத்தில் இருக்கும் இரண்டு பெரிய பள்ளிகள் இரண்டு விதமாக நடக்க முடிகிறது என்றால், மாணவருக்கு உரிமை கொடுத்தால் பள்ளி நடத்தவே முடியாது என்ற பேச்சில் அர்த்தமில்லை.

கல்லூரிக்கு உண்மையில் என்ன தேவை என்று உட்கார்ந்து எழுதிப் பாருங்கள். படத்தைத் திரையிட்டு மார்க் போட வேண்டும், ஜூனியர்களுக்குப் போட்டுக் காட்ட வேண்டும், ஆண்டு விழாவில் பெற்றோருக்குக் காட்ட வேண்டும். மாணவர், ஆசிரியர், பெற்றோர், கல்லூரியோடு தொடர்புடையவர்கள் என்று பார்வையாளர்களை நிறுத்திக்கொண்டால் இந்தத் திரையிடலுக்குச் சட்டத்தின் 52-ஆம் பிரிவே அனுமதி கொடுக்கிறது, உரிமையாளர் சம்மதம்கூட வேண்டாம். மிச்சம் இருப்பது அட்மிஷன் விளம்பரத்தில் கொஞ்சம் காட்சி போடுவது, விழாவுக்கு அனுப்புவது, கல்லூரியின் தரத்தை மதிப்பிடும் நாக் குழு வரும்போது காட்டுவது. இதற்கெல்லாம் ஒரு பக்க லைசென்ஸ் தாராளம். "இப்படத்தின் காப்புரிமை மாணவருக்கே உரியது. கல்வி, ஆவணக் காப்பு, திரைப்பட விழா, கல்லூரியின் அறிமுகம் ஆகியவற்றுக்கு வணிக நோக்கமின்றிப் படத்தைப் பயன்படுத்த, பிறருக்கும் அனுமதி கொடுக்கும் உரிமையைத் தன்னிடமே வைத்துக்கொண்டு, மாணவர் கல்லூரிக்கு அனுமதி அளிக்கிறார். திரைக்கதை, ரீமேக், தொடர் உரிமைகள் இதில் அடங்கா." இந்த மூன்று வரியோடு போய் துறைத் தலைவரிடம் பேசினால் பாதி இடங்களில் ஒத்துக்கொள்வார்கள் என்றே நினைக்கிறேன், ஏனென்றால் அந்தப் பழைய பத்தியை யாரோ எங்கிருந்தோ எடுத்து ஒட்டியிருப்பார்கள், அதை வைத்துப் பணம் பண்ணும் திட்டமெல்லாம் பல கல்லூரிகளுக்குக் கிடையாது.

இந்த வழியில் சுமையும் உங்கள் தலையில்தான் வரும் என்பதை மறைக்கக் கூடாது. உரிமை உங்களுடையது என்றால் நடித்தவர்களிடம் எழுத்தில் சம்மதம் வாங்க வேண்டியது நீங்கள், இசையமைத்த நண்பரிடம் எழுதி வாங்க வேண்டியதும் நீங்கள். நடிகருக்கும் தன் நடிப்பின் மேல் தனி உரிமை உண்டு, ஆனால் படத்தில் சேர்க்க ஒரு தடவை எழுத்தில் சம்மதித்துவிட்டால், வேறு நிபந்தனை இல்லாதபோது, அதற்கப்புறம் தயாரிப்பாளர் அதைப் படத்தில் பயன்படுத்துவதை அவர் தடுக்க முடியாது. அந்த ஒரு காகிதத்தை ஷூட்டிங் ஸ்பாட்டிலேயே, மேக்கப் போடும்போதே, கையெழுத்து வாங்கிவிடுவது நல்லது. பிற்பாடு தேடிப் போனால் ஒருவர் துபாயில் இருப்பார், ஒருவர் சீரியல் ஹீரோ ஆகியிருப்பார். டீக்கடைக் காட்சியில் ஓடவிட்ட இளையராஜா பாட்டு பற்றியும் இங்கேயே சொல்கிறேன். அதன் உரிமை உங்களுக்கும் இல்லை, கல்லூரிக்கும் இல்லை. வகுப்பில் போட்டுக் காட்டும்வரை பிரச்சினை வராது, வெளியே ஏற்றிய நிமிடம் வரும்.

மூன்றாவது, கூட்டுரிமை. கேட்கும்போது இனிக்கும். கல்லூரியும் மாணவரும் பாதிப் பாதி, அல்லது ஐந்து நண்பர்கள் சேர்ந்து காசு போட்டு 'தயாரிப்பு: நண்பர்கள்' என்று டைட்டில் கார்டு. எனக்கு இதில் நம்பிக்கையே இல்லை. நம் நாட்டில் கூட்டு உரிமையாளர்களில் ஒருவர் மற்றவர்கள் சம்மதம் இல்லாமல் வெளியாருக்கு லைசென்ஸ் கொடுக்க முடியாது என்றே நீதிமன்றம் பார்த்திருக்கிறது. படத்தை ஒரு தளம் கேட்கிறது, ஐந்து பேரிடமும் என்.ஓ.சி. (ஆட்சேபணை இல்லை என்ற கடிதம்) வேண்டும் என்கிறார்கள், ஒருவன் ஒளிப்பதிவாளரோடு சண்டை போட்டுக்கொண்டு போனையே எடுக்க மாட்டேன் என்கிறான், அவ்வளவுதான், படம் அங்கேயே நிற்கும். கல்லூரியோடு கூட்டு என்றால் ஒவ்வொரு தடவையும் முதல்வர் கையெழுத்துக்கு ஃபைல் போக வேண்டும். ஒருவர் பெயரில் உரிமையை வைத்துவிட்டு, வருமானம் வந்தால் யார் யாருக்கு எத்தனை சதவீதம் என்று தனியாக எழுதிக்கொள்ளுங்கள். காசைப் பிரிக்கலாம், முடிவெடுக்கும் அதிகாரத்தைப் பிரித்தால் வேலை நடக்காது. கேமராமேனும் எடிட்டரும் சம்பளம் வாங்காமல் உழைத்தவர்கள் என்பதால் இந்தச் சதவீதக் காகிதம் அவர்களுக்குச் செய்ய வேண்டிய குறைந்தபட்ச மரியாதை.

நாலாவது வழி படித்து முடிக்கும் சமயத்தில் வரும்: யூடியூப் சேனலோ ஒரு சின்ன நிறுவனமோ உரிமையை வாங்கிக்கொள்கிறேன் என்று கேட்பது. எங்கள் சேனலில் இத்தனை சப்ஸ்கிரைபர், உங்கள் படம் ஊரெல்லாம் போகும், அதற்குப் பதில் முழு ரைட்ஸையும் எழுதிக் கொடுங்கள் என்பார்கள். பலர் காசே கொடுக்காமல் கேட்கிறார்கள். மாணவர்கள் அதிகம் ஏமாறுவது இங்கேதான், ஏனென்றால் கல்லூரியிடம் படத்தை இழந்தால்கூட அது ஒரு பீரோவில் இருக்கும், இங்கே இழந்தால் அது இன்னொருவர் வியாபாரத்தில் போய்ச் சேரும். "தெரிந்த, இனி வரப்போகும் எல்லா ஊடகங்களிலும், உலகம் முழுவதும், நிரந்தரமாக" என்ற வரியைப் பார்த்தால் பேனாவை மூடி வையுங்கள். சட்டம் தானாகக் கொடுக்கும் பாதுகாப்புகளை அந்த ஒரு வரி துடைத்துவிடும். எத்தனை வருடம் என்று எழுதாவிட்டால் 5 வருடம்தான் என்று சட்டம் எடுத்துக்கொள்ளும், எந்த நாடு என்று எழுதாவிட்டால் இந்தியாவுக்குள் மட்டும்தான், அன்றைக்கு இல்லாத புது ஊடகத்தைக் குறிப்பாகச் சொல்லாவிட்டால் அது கைமாறாது, எழுதி வாங்கியவர் ஒரு வருடத்துக்குள் பயன்படுத்தாவிட்டால் அந்த உரிமை கைமாறியதே காலாவதியாகிவிடும். ஒப்பந்தத்தில் மாற்றி எழுதினால் இந்த நாலும் போய்விடும். சேனலுக்குத் தேவை அந்தப் படம் தன்னிடம் மட்டும் ஓட வேண்டும் என்பதுதானே? ஒரு வருடமோ இரண்டு வருடமோ அவர்களுக்கு மட்டும் என்று லைசென்ஸ் கொடுங்கள். அதற்கும் மறுத்தால் அந்தச் சேனல் உங்கள் படத்தை மட்டும் கேட்கவில்லை, கதையையும் சேர்த்துக் கேட்கிறது என்று அர்த்தம்.

யார் வேண்டுமானாலும் பயன்படுத்தலாம் என்று பொது அனுமதி கொடுக்கும் கிரியேட்டிவ் காமன்ஸ் லைசென்ஸில் பொதுவில் விட்டுவிடலாமே என்று கேட்பவர்கள் உண்டு. ஆவணப்படம், கல்விப்படம் என்றால் அழகான முடிவு. ஆனால் ஒரு தடவை கொடுத்த லைசென்ஸைத் திரும்ப வாங்க முடியாது என்பதால், பெரிய படமாக்கும் எண்ணம் இருக்கும் கதைக்கு அது பொருந்தாது.

இப்போது எதை எடுப்பது? சொந்தக் காசு அல்லது பெற்றோர் காசில் எடுத்த படம் என்றால் இரண்டாவது வழி, இதில் விட்டுக்கொடுக்கவே வேண்டாம். கல்லூரி கணிசமாகச் செலவு செய்கிறது, விழாக்களுக்கு அனுப்பும் வழக்கமும் உண்மையிலேயே இருக்கிறது என்றால் முதல் வழிக்கு ஒத்துக்கொள்ளலாம், ஆனால் திரைக்கதையும் ரீமேக்கும் உங்களிடம், வேலை தேடும்போது காட்ட ஒரு முழுத் தரப் பிரதி உங்களிடம், டைட்டிலில் உங்கள் பெயரை எடுக்கக் கூடாது, குறிப்பிட்ட காலத்துக்குப் பிறகு இணையத்தில் நீங்களும் வெளியிடலாம் என்ற நான்கையும் எழுதி வாங்கிக்கொண்டு. கல்லூரிக் கேமராவில் சொந்தக் காசு போட்டு எடுக்கும் பெரும்பாலானோருக்கு நான் சொல்வது இதுதான்: ஷூட்டிங்குக்கு முன்னாலேயே, கேமரா கேட்டு எழுதும் கடிதத்திலேயே, "தயாரிப்பாளர்: இன்னார்" என்று உங்கள் பெயரைப் போட்டு, துறையின் கையெழுத்தும் முத்திரையும் வாங்கிவிடுங்கள். படம் பரிசு வாங்கிய பிறகு இந்தப் பேச்சை எடுத்தால் யாரும் இறங்கி வரமாட்டார்கள்.

பதிவு செய்வது கட்டாயமில்லை. எழுதிய நொடியிலேயே, எடுத்த நொடியிலேயே காப்புரிமை வந்துவிடும். ஆனால் தகராறு வந்தால் பதிவேடு முதல்கட்ட ஆதாரமாக நிற்கும். காப்புரிமை அலுவலகத்தில் படத்தைப் பதிய 5000 ரூபாய், திரைக்கதையை இலக்கியப் படைப்பாகப் பதிய 500 ரூபாய். மாணவர் பட்ஜெட்டில் 5000 கைக்கு எட்டாது என்றால் 500-ஐயாவது செலவழித்துத் திரைக்கதையைப் பதியுங்கள், அதுவும் படப்பிடிப்புக்கு முன்னால். விண்ணப்பித்த பிறகு யாராவது ஆட்சேபிக்கிறார்களா என்று 30 நாள் பொறுத்திருப்பார்கள், ஆகவே கடைசி நேரத்துக்கு வைக்காதீர்கள்.

ஏற்கெனவே கையெழுத்துப் போட்டுவிட்டவர்கள் மனம் தளர வேண்டாம். முதலில் அந்தக் காகிதத்தின் பிரதியைக் கேட்டு வாங்கி, அன்றைக்கு உங்களுக்கு 18 நிரம்பியிருந்ததா என்று பாருங்கள். பிளஸ் டூ முடித்து நேராகச் சேர்ந்த பலருக்கு 17 தான் இருக்கும், மைனர் செய்த ஒப்பந்தம் நம் சட்டத்தில் செல்லாது. அடுத்து, அதில் என்னென்ன உரிமை, எத்தனை காலம், எந்தப் படைப்பு என்று தெளிவாக இருக்கிறதா பாருங்கள். எழுதிக் கொடுக்கும் ஒப்பந்தத்தில் படைப்பையும் உரிமைகளையும் குறிப்பிட வேண்டும் என்பது சட்டம், 'அனைத்துப் படைப்புகளும்' என்று மொட்டையாக இருந்தால் வாதாட இடம் உண்டு. திரைக்கதை என்ற சொல்லே அதில் இல்லையென்றால் திரைக்கதை உங்களுடையது என்ற நிலையில் நின்று பேசுங்கள். இதையெல்லாம் எடுத்துக்கொண்டு நேரே கோர்ட்டுக்குப் போகச் சொல்லவில்லை. ஒரு வக்கீலிடம் காட்டிவிட்டு, முதல்வருக்கு மரியாதையாக ஒரு கடிதம் எழுதி, அந்த ஒரு படத்தை மட்டும் திருப்பி எழுதித் தரும்படி கேளுங்கள். படத்தால் கல்லூரிக்கு வருமானம் எதுவும் இல்லாத நிலையில், டைட்டிலில் கல்லூரி பெயர் அப்படியே இருக்கும், விழாக்களில் சொல்வோம் என்று உறுதி கொடுத்தால் அவர்கள் கொடுத்துவிட நல்ல வாய்ப்பு இருக்கிறது.